கல்யாண்: வழிகள் வளர்த்த சந்தை நகரம்

டோம்பிவிலியில் குடியேறியுள்ள நம்மவர்க்குக் கல்யாண் என்றால் ஒரு ரயில்வே சந்திப்பு, அவ்வளவே. டோம்பிவிலிக்கு அடுத்த நிலையம் டாக்குர்லி, அதற்கடுத்தது கல்யாண். ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சுகளோடு அங்கே வண்டி ஏறுகிறோம். பழமை என்றவுடன் மதுரையையும் காஞ்சியையும் நினைக்கும் நாம், நாள்தோறும் காணும் இவ்வூருக்கும் ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்பதை எண்ணுவதில்லை.

இடைக்கால இங்கிலாந்தில், அரசனிடம் உரிமைச் சாசனம் பெற்றே ஓர் ஊரார் வாரச் சந்தை கூட்டுவது வழக்கம். அத்தகைய ஊர்களைச் சந்தை நகரங்கள் என்றனர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கல்யாண் முறைப்படி அமைந்த சந்தையாக விளங்கியது. இதைக் கூறுவது, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல். நம் முசிறியையும் தொண்டியையும் குறிக்கும் அதே நூல், இவ்வூரைக் 'கல்லியேனா' எனக் குறிக்கிறது.

இதன் சிறப்புக்குக் காரணம் யாது? ஒருபுறம் உல்லாஸ் ஆறு கடலோடு கலக்கும் கழி; மறுபுறம் சகியாத்திரி மலை. அம்மலையைக் கடக்கும் நாணேகாட் கணவாய், கல்யாணையும் சோபாராவையும் ஜுன்னருடன் இணைத்தது. அங்கே பாறையைக் குடைந்த குகையும் நீர்த்தொட்டிகளும், சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டும் இன்றும் உள்ளன. அங்குள்ள பெரிய கற்சாடி சுங்கக் காசு இடுவதற்கு வைக்கப்பட்டது என்பது அப்பகுதி மக்களின் வழக்கு. போரிவிலியை அடுத்த கன்னேரிக் குகைகளுக்குப் பொருள் ஈந்தோருள் கல்யாண் வணிகர் பலர். அவர்களோடு கைவினைஞர்களும் தங்கள் பெயரைக் கல்லிற் பொறித்துள்ளனர். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை அறத்திற்கு அளித்த நகரம் அது.

ஆயினும் இந்நகரம் ஒருமுறை வாடியது. சந்தனேஸ் என்பவன் ஆட்சிக்கு வந்தபின் துறைக்கு இடையூறு மிகுந்தது என்றும், தற்செயலாக அங்கு வந்த கிரேக்கக் கப்பல்களும் காவலுடன் பரூகச்சத்திற்கு அனுப்பப்பட்டன என்றும் அந்நூலே கூறுகிறது. பரூகச்சம் என்பது குஜராத்திலுள்ள இன்றைய பரூச். பைத்தானின் மணிக்கற்கள், கடற்கரை அருகிருக்க, இருபது நாள் வழி வண்டியிலேறி அங்கே சென்றன. ஆறு வற்றவில்லை, மலை வழியைத் தூர்க்கவில்லை. மனிதன் வழியை மறித்தான், சந்தை ஓய்ந்தது.

அத்தடை நிலைக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கௌதமிபுத்திர சாதகர்ணி க்ஷத்ரபர்களை வென்று மேற்குப் பகுதிகளை மீட்டான். பிற்காலச் சாதவாகனரின் வெள்ளி நாணயங்களில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழோடு நெருங்கிய தென்மொழியும் காணப்படுகின்றன. வடக்கும் தெற்கும் கலந்து வணிகம் செய்த காலத்திற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற யாத்திரிகர், பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்ற கிறிஸ்தவ மேற்றிராணியார் வாழ்ந்த 'கல்லியானா' என்னும் துறையைக் குறிப்பிடுகிறார். அது இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

1657-இல் சிவாஜி இந்நகரைக் கைப்பற்றினார். பின்னர் இதன் வாழ்வை மாற்றியது இருப்புப்பாதை. பம்பாயிலிருந்து 1853-இல் தாணாவை எட்டிய பாதை 1854-இல் கல்யாணை அடைந்தது. போர்க் கணவாய் 1863-இலும், தால் கணவாய் 1865-இலும் ரயிலுக்குத் திறந்தன. இரு கணவாய்களுக்கும் பாதை பிரியும் இடம் கல்யாணே. பழைய சார்த்துகள் பொதிமாடுகளோடு மலையேறப் புறப்பட்ட ஊரிலிருந்தே புகைவண்டியும் மலையேறியது. 1871-இல் இப்பாதை ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்தது. நம் முன்னோர் பலர் பம்பாய்க்கு வந்த வழி அதுவே.

நாட்டுப் பிரிவினையின்போது வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்குக் கல்யாணை அடுத்த ராணுவ முகாம் புகலிடமாயிற்று. 1949-இல் அது உல்லாஸ்நகர் எனப் பெயர் பெற்றது. பாரசீகத்தார், சிந்தியர், தமிழர் எனப் பலரும் வெவ்வேறு காலத்தில் இப்பகுதிக்கு வந்தவர்களே. வந்தவர்களுக்கு வழி விட்டபோது இந்நகரம் செழித்தது. வழி மறித்தபோது வாடியது. ஆகவே, பிற்பட வந்தவர் என்று நாம் இங்கே கூச வேண்டியதில்லை. நமக்குப் பின் வருவோரை அந்நியர் என்று நோக்கவும் நமக்கு உரிமையில்லை. அடுத்த முறை கல்யாண் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, அவ்வழியின் தொன்மையை நம் மக்களுக்கும் எடுத்துச் சொல்வோமாக.