முகத்தில் பிறந்த சொல்

மைதானத்தில் கத்தினால் ‘சியர்’. கோப்பையை உயர்த்தினால் ‘சியர்ஸ்’. தோற்று வந்தவன் தோளைத் தட்டினால் ‘சியர் அப்’. இத்தனை சத்தம் போடும் இந்தச் சொல், ஏறத்தாழ 1200இல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது வாயே திறக்கவில்லை. அதன் பொருள் வெறும் ‘முகம்’. மூலம் பிற்கால லத்தீனின் ‘காரா’. ஸ்பானியர்கள் இன்றும் முகத்தைக் ‘காரா’ என்றே சொல்கிறார்கள்.

முகம் முகக்குறிப்பாகி, முகக்குறிப்பு மனநிலையானது. அப்போது நல்ல சியரும் உண்டு, கெட்ட சியரும் உண்டு. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், திமிர்வாதக்காரனுக்கு இயேசு ஆறுதல் கூறும் இடத்தில் ‘நல்ல’ என்ற அடையோடுதான் இது வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘திடன்கொள்’. அகராதிகள் தரும் ‘மகிழ்ச்சி’, ‘ஆரவாரம்’ இரண்டையும்விட எனக்கு இதுவே பிடிக்கிறது.

மலர்ந்த முகத்தோடு வரவேற்பதைக் குறித்த சொல், மெல்ல இலைக்கு வந்த பண்டத்தையும் குறிக்கத் தொடங்கியது. பிரெஞ்சில் ‘பொன் ஷேர்’ என்றால் இப்போது நல்ல சாப்பாடுதான், முகம் மறந்தேபோயிற்று. நமக்கு இந்தத் தாவல் புதிதல்ல. உபசார வார்த்தைக்கு நாம் வைத்த பெயரே ‘முகமன்’. விருந்தினர் வாட நம் முகம் திரிந்தாலே போதும் என்று அனிச்சப்பூவைக் காட்டிச் சொன்னவர் வள்ளுவர்.

சத்தம் கடலிலிருந்து வந்தது. உற்சாகக் கூச்சல் என்ற பொருளில் 1720இல் டேனியல் டெஃபோ ‘கேப்டன் சிங்கிள்டன்’ நாவலில் இதை எழுதியபோது, மாலுமிகளின் வழக்கு என்று சொல்லியே எழுதினார். கோப்பைக்கு ‘சியர்ஸ்’ வந்தது 20ஆம் நூற்றாண்டில்; பிரிட்டனில் அது ‘நன்றி’யானது அதற்கும் பிறகு.

பழைய பொருள் ஒரு மூலையில் பிழைத்துக் கிடக்கிறது. ‘வாட் சியர்?’ என்பது அந்நாளைய நலம் விசாரிப்பு. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் படகில் வந்தபோது, கரையில் நின்ற நராகன்செட் பழங்குடியினர் அவரை இப்படித்தான் அழைத்தார்களாம். கதையோ நிஜமோ, அவர் நிறுவிய பிராவிடன்ஸ் நகரத்தின் முத்திரையில் அந்த இரண்டு சொற்களும் இருக்கின்றன. லண்டன்காரர்கள் அதையே தேய்த்துத் தேய்த்து ‘வாட்சா’ ஆக்கிவிட்டார்கள்.