கீழ்ப்படியாமல் இருந்தால் பலன் தரும் உத்தரவு: சேர்ந்து வாழக் கோரும் மனுவைப் பற்றி, எல்லைப்புறத்திலிருந்து

பள்ளிப்பட்டு வட்டத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு இடம் மாறினாலும் சம்பந்தங்கள் மாறவில்லை. பொதட்டூர்பேட்டைப் பெண் ஆந்திரத்தின் நகரிக்கு வாழ்க்கைப்படுவதும் புத்தூர்ப் பெண் பள்ளிப்பட்டுக்கு மருமகளாக வருவதும் இன்றும் இயல்பு. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவது கணவன் மனைவி பிரிந்து, ஒருவர் சேர்ந்து வாழ வேண்டும் என்றும் மற்றவர் முடியாது என்றும் நிற்கும்போதுதான்.

அப்போது முதலில் வருவது பெரும்பாலும் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் 9ஆம் பிரிவின்படியான மனு. தக்க காரணமின்றி விலகிப்போன துணையைத் திரும்ப வரச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. காரணம் தக்கதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விலகியவருடையது. இந்தப் பிரிவு குடும்பத்தைச் சேர்ப்பதில்லை, பிரிவுக்கான வழியைத்தான் செப்பனிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பிரிவை உரக்கக் கேள்வி கேட்ட வழக்கு நம் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. நடிகை சரிதாவின் திருமணம் 1975இல் திருப்பதியில் நடந்தது. அப்போது அவர் பதினாறு வயதுப் பள்ளி மாணவி. சில நாளிலேயே பிரிவு ஏற்பட்டது. ஐந்தாண்டு கழித்துக் கணவர் கடப்பா சார்பு நீதிமன்றத்தில் சேர்ந்து வாழ மனுப்போட்டார். சரிதா முதலில் எழுப்பிய ஆட்சேபம் அரசியலமைப்பைப் பற்றியதல்ல. கடப்பா நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகார வரம்பு இல்லை என்பதுதான். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது கேள்வி விரிந்தது. 1983 ஜூலையில் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி, 9ஆம் பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரு பெண்ணின் உடல்மீதும் அவள் தாயாவதா வேண்டாமா என்பதன்மீதும் அவளுக்கு இருக்கும் முடிவுரிமையை இப்பிரிவு அரசின் கைக்கு மாற்றுகிறது என்று அவர் கண்டார். சட்டம் இருபாலருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும், கட்டாயச் சேர்க்கையால் வாழ்க்கையே திசைமாறிப் போவது மனைவிக்குத்தான் என்பதையும் அவர் சொன்னார். என் கணிப்பில் அந்தத் தீர்ப்பின் வலிமையான பகுதி இது.

தீர்ப்பு நீடிக்கவில்லை. சில மாதங்களிலேயே தில்லி உயர் நீதிமன்றம் மாற்றுக் கருத்து சொன்னது. 1984 ஆகஸ்டில் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லியின் பக்கம் நின்றது. இந்த ஆணை யாரையும் கையைப் பிடித்து இழுத்துவருவதில்லை. மீறினால் சொத்து ஜப்திதான். திருமணத்தைக் காப்பதே இதன் நோக்கம் என்றது.

ஆனால் அந்த வழக்கின் விவரத்தையே பார்ப்போம். 9ஆம் பிரிவின்கீழ் மனுப்போட்டவர் மனைவி சரோஜ் ராணி. கணவர் தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார், சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் முறையீடு. கணவர் எதிர்க்கவில்லை, சேர்ந்து வாழச் சம்மதம் என்றார். 1978 மார்ச்சில் அந்தச் சம்மதத்தின்பேரில் ஆணை பிறந்தது. ஓராண்டு கடந்ததும், 1979 ஏப்ரலில், அதே கணவர் விவாகரத்து கேட்டு வந்தார். காரணம், சட்டத்தின் 13(1ஏ) பிரிவு. சேர்ந்து வாழும் ஆணை பிறந்து ஓராண்டு வரை சேரவில்லை என்றால், ஆணை கேட்டவர், ஆணைக்கு ஆளானவர் இருவரில் யாரும் விவாகரத்து பெறலாம். பெற்றோர் தன்னைக் கணவர் வீட்டில் கொண்டுபோய் விட்டதாகவும் இரண்டே நாளில் தான் துரத்தப்பட்டதாகவும் சரோஜ் ராணி சொன்னது மெய்ப்பிக்கப்படவில்லை. விவாகரத்து நிலைத்தது.

சேர வேண்டும் என்று கேட்ட பெண்ணின் கையில் கிடைத்த ஆணை, சேர விரும்பாதவருக்கு விடுதலைப் பத்திரமாயிற்று. தன் தவற்றால் ஒருவர் ஆதாயம் அடையக் கூடாது என்று 23ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். ஆணைக்குப் பின் சும்மா இருந்துவிடுவது மட்டும் அத்தகைய தவறாகாது என்று 1977இல் தர்மேந்திர குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, ஓராண்டு அசையாமல் இருப்பவருக்கே ஆணையின் பலன் சேர்கிறது. உச்ச நீதிமன்றம் ஜப்தியைப் பற்றி யோசித்தது. இந்த ஓராண்டுக் கணக்கு எதைச் செய்யத் தூண்டுகிறது என்று யோசிக்கவில்லை. இந்த ஆணையை மீறியவரைக் கைது செய்து சிறைவைக்கும் வழி 1923லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்த இந்தப் பரிகாரத்தை இங்கிலாந்து 1970இல் கைவிட்டது.

விரட்டப்பட்ட மனைவிக்கு 9ஆம் பிரிவாவது இருக்கிறதே என்பது இதற்கு எதிராக வரும் வலுவான வாதம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. 2005 வரை அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவள் வாழ்ந்த வீட்டிலேயே தங்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமியார் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் அவ்வுரிமையைக் கோரலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கு தெளிவாக்கியது. ‘என்னோடு வாழு’ என்ற ஆணையைவிட ‘இந்த வீட்டிலிருந்து இவளை வெளியேற்றாதே’ என்ற ஆணை அவளுக்கு உதவும். முதல் ஆணைக்கு யாருடைய மனமும் கட்டுப்படாது; இரண்டாவதை நடைமுறைப்படுத்தக் காவல் நிலையத்தின் உதவியையே நீதிமன்றம் கோர முடியும்.

ஜீவனாம்சத்தையும் இம்மனு தொட்டுவிடுகிறது. மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டதும் கணவர் பதிலுக்கு 9ஆம் பிரிவைக் கையில் எடுப்பது பழகிப்போன உத்தி. ஆணை வந்தும் அவள் வரவில்லை என்றால், காரணமின்றி வர மறுத்தவளுக்குப் பணம் கிடையாது என்று வாதிடலாம். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இதற்கு இடம் தரும் வாசகம் உண்டு. 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது: ஆணை இருப்பதாலேயே ஜீவனாம்சம் போய்விடாது, அவள் வராததற்குத் தக்க காரணம் இருந்ததா என்று தனியே பார்க்க வேண்டும்.

எல்லைப்புறத்தில் இதெல்லாம் எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்வியில் வந்து முட்டுகிறது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குப் போகும் பெண் ஒருத்தி, நகரியில் வாழ்க்கைப்பட்டுத் தாய்வீடு திரும்பியவள் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஆந்திரப் பக்கத்தில் சேர்ந்து வாழ மனுப்போட்டால், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்ற வகையில் அது செல்லும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. வராவிட்டால் ஒருதலைப்பட்ச ஆணை, அடுத்து அந்த ஓராண்டு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் வழக்கை மாற்ற உயர் நீதிமன்றமே போதும். மாநிலம் கடந்த மாற்றத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து வழக்கைக் கொண்டுவரத் தில்லி வழியாகச் சுற்ற வேண்டும் என்பது பள்ளிப்பட்டுக்காரருக்கு மட்டும் விதிக்கப்பட்ட சுமை போலிருக்கிறது.

அவளுக்கு வேறு வழிகளும் உண்டு. மனைவியே மனுதாரர் என்றால் அவள் வசிக்கும் ஊரில் தொடுக்கலாம் என்று 2003 திருத்தம் சேர்த்தது. திருமணம் திருத்தணி மலைக்கோயிலில் நடந்திருந்தால் திருத்தணி நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. ஜீவனாம்சமும் குடும்ப வன்முறை மனுவும் அவள் வசிக்கும் ஊர் நீதித்துறை நடுவரிடமே போடலாம். பெண்ணுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. எனவே கணவரின் மனுவுக்குக் காத்திராமல், தன் ஊரில் தன் மனுவை முதலில் போடுவதே அவளுக்குப் பாதுகாப்பு.

9ஆம் பிரிவை எதிர்த்து 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல மனு, 2017இன் அந்தரங்க உரிமைத் தீர்ப்பை முன்வைக்கிறது. அது நியாயமான வாதம். ஆனால் 9ஐ மட்டும் நீக்கினால் போதாது. 13(1ஏ) பிரிவில் இந்த ஆணையைப் பற்றிய பகுதியும் கூடவே போக வேண்டும். பிரிய விரும்புகிறவருக்கு 13பி பிரிவின் பரஸ்பர சம்மத வழி இருக்கிறது. மற்றவர் சம்மதிக்கவில்லை என்றால், கொடுமையையோ கைவிடுதலையோ நேராகச் சொல்லி, சாட்சி வைத்து மெய்ப்பித்து விவாகரத்து பெறட்டும்.