வானத்து அளவுகோல்

ஓர் ஆற்றின் நீர்மட்டத்தை மக்களுக்குத் தெரியாமல் மறைத்து வைக்க முடியுமா? முடியும் என்கிறது வரலாறு.

எகிப்து நாட்டில், கெய்ரோ நகரையொட்டி நைல் ஆற்றின் நடுவே ரோடா என்னும் தீவு இருக்கிறது. அங்கே 861-ஆம் ஆண்டில் கலீபா அல்-முதவக்கில் ஓர் அளவுக் கிணறு கட்டுவித்தார். அதன் நடுவில் முழக்கணக்குப் பொறித்த கல்தூண் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் நீர் 16 முழம் ஏறினால் விளைச்சல் உறுதி. அரசனுக்கு வரியும் உறுதி. குறைந்தாலோ பஞ்சம். பத்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட கலீபா அல்-முயிஸ், 16 முழம் நிரம்பும்வரை அளவை வெளியிடலாகாது என்று தடை விதித்தார். மக்கள் அஞ்சித் தானியத்தைப் பதுக்கிவிடுவார்கள் அல்லவா? அளவுகோல் எவர் கையில் உள்ளதோ, ஆற்றின் செய்தியும் அவர் கையில்தான் என்பதை இதனால் நான் உணர்ந்தேன்.

நம் காலத்தில் அந்த அளவுகோல் வானத்துக்கு ஏறிவிட்டது. 1992-இல் அமெரிக்காவும் பிரான்சும் கூடி, 'டோபெக்ஸ்-பொசைடன்' என்ற செயற்கைக்கோளை ஏவின. அது சுமார் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலையைக் கீழே செலுத்தியது. அலை நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டனர். கோள் இருக்கும் உயரம் தெரியுமாதலால் நீரின் மட்டமும் தெரிந்தது. மேகமும் இருளும் இதற்குத் தடையல்ல. கடலை அளக்கச் சென்ற அக்கருவி, அகன்ற ஆறுகளையும் அளக்க உதவியது.

இதன் அருமையை வங்கதேசம் நன்கு அறியும். அந்நாட்டின் வழியே பாயும் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் நீர்பிடிப்புப் பரப்பில் 100-க்கு 90 பங்குக்கு மேல் எல்லைக்கு அப்பால் உள்ளது. ஆதலால், வெள்ளம் வருவதை இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் முன்னதாக அறிவது அரிதாக இருந்தது. 2008-இல் ஏவப்பட்ட 'ஜேசன்-2', கங்கையையும் பிரம்மபுத்திராவையும் அவை இந்தியாவில் ஓடும்போதே மேலிருந்து அளந்தது. அந்த அளவுகளின் துணையால், 2014-ஆம் ஆண்டளவில் 8 நாள்களுக்கு முன்பே எச்சரிக்க வழி பிறந்தது. 8 நாள்கள் கிடைத்தால் உழவன் விளைந்ததை அறுத்துவிடலாம். ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடலாம்.

குறையும் இருந்தது. ஜேசன்-2 தன் பாதைக்கு நேர் கீழே உள்ள இடத்தையே, ஏறத்தாழ 10 நாளுக்கு ஒரு முறை கண்டது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட 'சுவாட்' என்னும் கோளோ, 100 மீட்டர் அகலமுள்ள ஆறுகளையும் அளக்கும் வகையில் அகன்ற பரப்பை ஒருங்கே நோக்குகிறது. அதன் அளவுகள் எல்லா நாட்டாருக்கும் பொது.

ஆயினும், கோள் வெள்ளத்தைத் தடுக்காது. செய்தியை மட்டுமே தரும். அச்செய்தி ஆற்றங்கரைக் குடிசையை உரிய நேரத்தில் எட்டாவிட்டால், அது கலீபா மறைத்த அளவுக்கு ஒப்பாகும் என்றே நான் கருதுகிறேன்.