கண்கொத்திப் பாம்பும் ஒரு சாராய ஜாடியும்

ஆய்வேட்டுக்காக, பச்சைப் பாம்பு எந்தெந்த ஊரில் பதிவாகியிருக்குன்னு பழைய புத்தகங்களிலிருந்து ஒரு அட்டவணை போட்டேன். மால்கம் ஸ்மித்தின் 1943 பாம்புத் தொகுதியில் 'அஹெதுல்லா'ங்கற பேரைப் பார்த்ததும், ஆஹா நம்ம ஆளுன்னு எல்லா ஊரையும் அள்ளிப் போட்டுட்டேன். பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி. "விவரணையைப் படிச்சியா, பேரை மட்டும் படிச்சியா?"

பேரை மட்டும்தான் :-(

ஸ்மித் அந்தப் பேரில் எழுதியிருந்தது கொம்பேறி மூக்கனை! கடிச்சிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும்னு சொல்வாங்களே, அந்த அப்பாவி. பச்சைப் பாம்பை அவர் 'ட்ரையோஃபிஸ்'னு தனியா வெச்சிருக்கார். ரெண்டு மாச வேலை போச்சு.

இந்தக் குழப்பம் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடினா, கதை நம்ம பக்கத்து வீட்டுக்கே வருது. 'அஹெதுல்லா' சிங்களச் சொல். கண்ணைக் குத்துவதுன்னு அர்த்தம். நாம கண்கொத்திப் பாம்புன்னு சொல்றோமே, அதேதான். (எங்க ஆச்சி பச்சைப் பாம்பைப் பார்த்தா முந்தானையால கண்ணை மூடிக்குவாங்க. உண்மையில் அதன் லேசான விஷம் ஓணான், தவளைக்குத்தான் சரி.)

சுவீடன் அரசர் அடால்ஃப் ஃப்ரெடரிக்கிடம் சாராய ஜாடிகளில் நிறைய பாம்புகள் இருந்தன. லின்னேயஸ் அவற்றைப் பார்த்து 1754-ல் ஒரு பெரிய பட்டியல் போட்டார். பிறகு 1758-ல், இன்றைய விலங்குப் பெயர்கள் எல்லாத்துக்கும் தொடக்கமான புத்தகத்தில், ஒரு மெலிந்த மரப்பாம்புக்கு இந்த இலங்கைப் பேரைச் சூட்டினார். ஜாடிக்குள் இருந்ததோ தென்னமெரிக்கப் பாம்பு!

அவர் மேல ரொம்பக் கோபப்பட முடியாது. பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், அமெரிக்கக் கிளிப்பாம்பு மூணும் சாட்டை மாதிரி உடம்பு, மூணுக்கும் நடு உடலில் 15 வரிசைச் செதில். சாராயத்தில் கிடந்தா பச்சை நிறமும் நீலமாப் போயிடும். ஆனா தலையைப் பார்த்தா ஏமாற முடியாது. பச்சைப் பாம்புக்குக் கூரான மூக்கு, படுக்கைவாட்டில் கண்மணி. மத்த ரெண்டுக்கும் கண்மணி வட்டம்.

1807-ல் லிங்க் இதையே பேரினப் பெயராக்கினார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு பாம்புக்கு மாட்டினாங்க. குந்தர் 1858-ல் அமெரிக்கப் பாம்புகளுக்கு வெச்சார். ஸ்டெய்னெகர் 1933-ல் கொம்பேறி மூக்கன் பக்கம் தள்ளினார், ஸ்மித் அந்த வழியில் போனார். நான் விழுந்த குழி அதுதான்.

தீர்வு ஜாடியில்தான் இருந்தது. லின்னேயஸ் கையாண்ட பாம்புகளை ஆண்டர்சன் 1899-ல் இங்கே ஸ்டாக்ஹோமில் மறுபடி எடுத்துப் பார்த்துப் பட்டியலிட்டார். இன்னார் என்ன எழுதினார்ங்கறதைவிட, எழுதும்போது முன்னாடி இருந்த உடல் எதுங்கறதுதான் கணக்கு. 1952-ல் ஜே சாவேஜ் இந்த ஒத்தைப் பேரின் வரலாற்றையே ஒரு கட்டுரையா எழுதி முடிச்சை அவிழ்த்தார். லிங்க்கின் பேரினம் பச்சைப் பாம்புகளுக்கு. தனி இனப்பெயர் மட்டும் அமெரிக்கப் பாம்போடவே ஒட்டிக்கிச்சு. அதனால்தான் இலங்கையைப் பார்த்தேயிராத அந்தப் பாம்பு இன்னிக்கும் லெப்டோஃபிஸ் அஹெதுல்லா. விதிப்படி, அர்த்தம் பொருந்தலைன்னு பேரைப் பிடுங்க முடியாதாம். எனக்கென்னவோ இது அநியாயமாத்தான் படுது.

சரி, அட்டவணையைத் திருத்திடலாம்னு உட்கார்ந்தா இன்னொரு இடி. பச்சைப் பாம்பை எல்லாரும் அஹெதுல்லா நாசுட்டான்னே சொல்லிட்டிருந்தோம். 2020-ல் மரபணுவையும் செதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, நாசுட்டா இலங்கைக்கு மட்டும்னு ஒதுக்கிட்டாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை வேற வேற இனங்கள். நம்ம சமவெளிப் பாம்புக்கு ஆக்சிரிங்கா. அது தாமஸ் பெல் 1825-ல் வெச்சு, பிறகு தூசி படிஞ்சு கிடந்த பேர். லெப்டோஃபிஸ்ங்கற பேரை வெச்சதும் அதே வருஷம் அதே பெல்தான்.

ஆக, ஆச்சி வீட்டு முருங்கையில் தொங்கினது ஆக்சிரிங்கா. அந்தக் காட்சியகம் என் அறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். ஜாடியைப் பார்க்க அனுமதி கேட்டு நேத்துதான் கடிதம் போட்டிருக்கேன். பதில் வர்றதுக்குள்ள, ஒவ்வொரு ஊருக்கும் விவரணையைப் படிச்சுட்டு அட்டவணையை முதல் வரியிலிருந்து மறுபடி போடணும்.