கோணேசர் கல்வெட்டும் மென்பொருள் வழிகாட்டிகளும்

ஒரு பணியைச் செய்யும் முறையை எழுத்தில் வகுத்து வைத்தல் தமிழ்ச் சமுதாயத்துக்குப் புதியதன்று. திருகோணமலை வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக விளங்குவது கோணேசர் கல்வெட்டு ஆகும். பெயரிற் கல்வெட்டாயினும் இது ஏட்டில் வழங்கிவந்த நூலே. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூல் செய்யுளும் உரைநடையும் விரவியது. ஆய்வாளர் பலர் இதனை 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளை அண்டியதாகக் கொள்வர்.

குளக்கோட்டனது வரலாற்றுண்மை பற்றிய விவாதத்துள் நாம் ஈண்டுப் புக விரும்பவில்லை. நூலின் பயன்பாட்டுத் தன்மையே நமது கவனத்துக்குரியது. கோயிற் பணியில் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குரிய கடமைகளை இது வகுத்துரைக்கின்றது. வழிபாடு தடையின்றி நடைபெறவேண்டின் எப்பணி யாருடையது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருத்தல் வேண்டும் என்ற தெளிவு இதிற் காணப்படுகின்றது. 1620களிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. கோயில் அழிந்த பின்னரும் பணிமுறையைக் கூறிய நூல் எஞ்சியது. 1963இல் மீளமைக்கப்பட்ட கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்த காலம்வரை அந்நினைவு அறுபடவில்லை.

எனினும் இந்நூலின் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. இங்கே பணி பிறப்போடு பிணைக்கப்பட்டுள்ளது. நூல் அரசனது கட்டளையாகவே பேசுகின்றது. பணி செய்தோர் தம் பட்டறிவைக் கொண்டு அதனைத் திருத்தும் உரிமை பெற்றிருந்தனர் என்பதற்கு அதில் இடமில்லை. உழைப்போர் ஒருபுறமும் எழுதுவோர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற நிலவுடைமைச் சமுதாயத்தில் இது வியப்புக்குரியதன்று.

இப்பிரிவினையைத் தகர்க்கும் முயற்சியாகவே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வழிகாட்டி நூல்களை நாம் நோக்குகின்றோம். லினக்ஸ் ஆவணத் திட்டம் 1990களின் தொடக்கத்திற் தோன்றியது. அதன் 'எப்படிச் செய்வது' என்னும் கையேடுகளை எழுதியோர் பெரும்பாலும் அம்மென்பொருளைத் தாமே நிறுவிப் பயன்படுத்தியோர். ஆசிரியர் பெயர், பதிப்பெண், திருத்திய நாள் ஆகியவற்றைக் குறிப்பது அக்கையேடுகளின் வழக்கமாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த குனூ கட்டற்ற ஆவண உரிமம், பிறர் படியெடுக்கவும் திருத்தவும் சட்டவழியில் இடமளித்தது. வாசகனே அடுத்த பதிப்பின் ஆசிரியனாகலாம் என்பது இதன் உட்பொருள்.

நாள் குறித்தல் வெறும் சடங்கன்று என்பதைத் தமிழ்க் கணிமை வரலாறே உணர்த்துகின்றது. 1999இற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை அடுத்து டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் வந்தன, திஸ்கியும் வழக்கிலிருந்தது. பின்னர் யூனிகோட் நிலைபெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. திஸ்கி எழுத்துருவை நிறுவும் முறையைக் கூறும் கையேடு எழுதப்பட்ட நாளிற் சரியானதே. ஆனால் நாளும் பதிப்பும் குறிக்கப்படாவிடின் இன்று அதனைப் பின்பற்றும் மாணவன் சிதைந்த எழுத்துகளையே காண்பான். பிழை தன்னுடையது என்றும், அல்லது தமிழ் கணினிக்கு ஒவ்வாதது என்றும் முடிவுசெய்வான். கையேட்டின் பிழை மொழியின் குறையாகத் தோற்றுவது இவ்வாறுதான்.

ஆகவே, வழிகாட்டி எழுத முன்வருவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். தாம் செய்து பாராத படியை எழுதுதல் தகாது. எப்பதிப்பில், எந்நாளிற் செய்து பார்த்தனர் என்பதைக் குறித்தல் வேண்டும். ஒரு படியால் தரவு அழியக்கூடுமாயின் அப்படிக்கு முன்னரே எச்சரித்தல் வேண்டும். எழுதியதைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துதல் எல்லாவற்றினும் முதன்மையானது.

கோணேசர் கல்வெட்டு பொறுப்பை எழுத்தில் நிலைநிறுத்தியது. அப்பொறுப்பைப் பிறப்பிலிருந்து பிரித்து, பணி செய்வோர் அனைவரதும் உரிமையாக்குதல் நம் காலத்தின் கடன் எனலாம்.