சாம்பல் வெள்ளையான வரலாறு: 'விட்யே' என்னும் டச்சுச் சொல்

டச்சு மொழியில் 'விட்யே' என்றொரு சொல் உண்டு. செல்வர் வீட்டு அறைகளில், கதவு நிலைக்கு மேலே சுவரோடு சுவராகப் பதிக்கப்பட்ட ஒருவகை ஓவியத்துக்கு அது பெயர். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது ஓவியமாகவே தெரியாது. கொழுகொழுவென்ற குழந்தைகள் பூச்சரத்தோடும் கதிர்க்கட்டோடும் திராட்சைக் குலையோடும் விளையாடும் வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பமாகத் தெரியும். உண்மையில் அங்கிருப்பது தட்டையான கித்தான் துணியும் எண்ணெய் வண்ணமும்தான்.

'விட்' என்றால் வெள்ளை. 'யே' சிறுமையையும் செல்லத்தையும் காட்டும் விகுதி. எனவே 'சின்ன வெள்ளை' என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லுக்குள் ஒரு மனிதரும் இருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யாக்கோப் டெ விட் (1695–1754) இவ்வகையில் பெற்ற புகழால் அவர் பெயரே ஓவியத்துக்கும் ஆகிவந்தது. நிறத்தின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாக இருந்ததால் சொல் எளிதில் ஒட்டிக்கொண்டது. பின்னால் வேறு ஓவியர்கள் வரைந்தவையும் விட்யே என்றே வழங்கின.

அவருக்கு முன்பும் இந்த ஓவியமுறை இருந்தது. அப்போது அது சாம்பலின் பெயரால் அழைக்கப்பட்டது. பிரெஞ்சில் 'கிரிசாய்', டச்சில் 'கிரௌட்யே'. 'கிரௌ' என்றால் சாம்பல் நிறம். அதே சொல் அடித்தட்டு மக்கள் கூட்டத்தை இளக்காரமாகக் குறிக்கவும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஹேக் நகரில் வாழ்ந்த ஆட்ரியான் ஃபான் டெ வென்னெ இந்த இரு பொருளையும் ஒரே படத்தில் கொண்டுவந்தார். பிச்சைக்காரர்கள், ஊனமுற்றோர், கந்தல் உடுத்த நாடோடிகள் என்று ஏழைகளைச் சாம்பலும் பழுப்புமான வண்ணத்தில் சிறு பலகைகளில் வரைந்தார். அந்தப் பலகைகளை வாங்கியவர் எந்தச் சுவரிலும் மாட்டலாம். வேண்டாதபோது கழற்றியும் விடலாம்.

அடுத்த நூறாண்டுகளில் அந்தச் சாம்பல் வண்ணம் கட்டடக்கலைக்குள் குடிபுகுந்தது. ஆம்ஸ்டர்டாமில் இதற்கு முன்மாதிரி நகரமன்ற மாளிகை. யாக்கோப் ஃபான் காம்பென் வடிவமைத்து 1655இல் திறக்கப்பட்ட அந்த மாளிகையை ஆர்டஸ் க்வெலினஸின் பளிங்குச் சிற்பங்கள் நிறைத்திருந்தன. நெதர்லாந்தில் பளிங்குச் சுரங்கம் கிடையாது. வெண்பளிங்கு இத்தாலியிலிருந்து கப்பலில் வரவேண்டும். சதுப்பு மண்ணில் அந்த மாளிகையைத் தாங்கவே 13,659 மரக்கழிகளை அடித்து இறக்கினார்கள். அங்கே நகரம் கல்லில் காட்டிய பெருமையைக் கால்வாய்க்கரை வணிகர்கள் தங்கள் வீட்டுக்குள் வண்ணத்தில் கொண்டுவந்தார்கள். ஹெரன்கிராக்ட் கால்வாயில் பட்டு வணிகர் பிலிப்ஸ் டெ ஃப்ளீனஸின் வீட்டுக்காக ஹெரார்ட் டெ லெரெஸ் பளிங்குபோல் தோன்றும் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். 1707இல் வெளிவந்த அவருடைய ஓவிய நூலில், அறைக்கும் அதன் ஓவியத்துக்கும் உள்ள பொருத்தம் விரிவாகப் பேசப்படுகிறது.

டெ விட் அந்தப் பொருத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். ஆண்ட்வெர்ப்பில் பயின்ற இளமையில் அவர் இயேசு சபைக் கோயில் விதானத்தில் ஓவியர் ரூபன்ஸ் அமைத்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். கீழே நிற்பவர் கண்ணுக்கு மேலே உள்ள உருவம் எப்படிக் குறுகித் தோன்றும் என்பதை அங்கே கற்றார். அறையில் சன்னல் இடப்பக்கம் இருந்தால் அவர் வரைந்த குழந்தைகள் மேலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தே விழும். பளிங்கின் நிழல் வெறும் கறுப்பல்ல என்று அறிந்து, அதில் மஞ்சளும் பழுப்புமான மெல்லொளியைச் சேர்த்தார். 18ஆம் நூற்றாண்டு அறைகள் சமச்சீரை வற்புறுத்தின. எதிர்ச்சுவரில் கதவு இல்லையென்றால் போலிக் கதவு வைப்பதும் உண்டு. அப்படிக் கணக்கிட்டுக் கட்டிய அறையில், நிலைக்கு மேலுள்ள இடத்தை விட்யே நிரப்பியது.

இதைப் பளிங்கு வாங்க முடியாதவரின் மலிவுச் சரக்கு என்று நினைப்பது தவறு. அசல் பளிங்கு நிறைந்த நகரமன்ற மாளிகையே டெ விட்டை அழைத்தது. 36 பேர் கூடும் நகர அவையின் அறையில், மோசே எழுபது மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும் காட்சியை 1737இல் பெரிய வண்ண ஓவியமாக அவர் முடித்தார். அதே அறையின் கதவுகளுக்கு மேலே தீட்டியவை பளிங்குச் சிற்பம்போல் மயக்கும் ஓவியங்கள். கத்தோலிக்கரான அவர் அந்த அவையில் உறுப்பினராகியிருக்க முடியாது. அன்று பொதுப் பதவிகள் சீர்திருத்தத் திருச்சபையாருக்கே உரியவையாக இருந்தன. 1749இல் ஆட்சித்தலைவரின் ஹாய்ஸ் டென் பொஸ் அரண்மனை உணவுக்கூடத்திலும் அவருடைய விட்யேக்கள் இடம்பெற்றன.

விட்யே வரைவித்தவர்கள் பளிங்கைவிட அரிதான ஒன்றுக்குப் பணம் கொடுத்தார்கள்: தம் அறைக்கும் தம் சன்னலுக்கும் மட்டுமே அளவெடுத்துச் செய்த ஒரு கண்மயக்கு. நான்கு குழந்தைகள் நான்கு பருவங்கள் என்று விருந்தாளி புரிந்துகொண்டால், அவரும் அந்தக் கூடத்துக்கு உரிய கல்வி பெற்றவர் என்று ஆகும். கழற்றி விற்க நினைக்காத வீடும், தலைமுறைக்கு நிலைக்கும் என்ற நம்பிக்கையும் இருப்பவரே ஓவியத்தைச் சுவரோடு பதிப்பார்.

பின்னாளில் வீடுகள் கைமாறிப் பல விட்யேக்கள் இடம்பெயர்ந்தன. வலப்பக்கம் ஒளி வரும் அறையில் இடப்பக்க ஒளியோடு வரைந்த ஓவியம் தொங்கினால், மயக்கம் கலைந்து அது வெறும் சாம்பல் படமாகிவிடும். அதனால் விட்யே ஒன்றைப் பார்க்கிறவர் அது எந்தக் கதவின்மேல், எந்தச் சன்னலுக்கு அருகில் இருந்தது என்று கேட்டாக வேண்டும். ஏழைகளை வரைந்தபோது 'சாம்பல்' என்று பெயர் பெற்ற வண்ணம், ஆளுவோர் சுவரில் ஏறியபோது 'வெள்ளை' ஆனது. டெ விட்டின் புகழ் பாதி காரணம். மறுபாதி அந்தச் சுவர்.