பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்



ஆயுதபூஜைக்காகப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. என்னிடம் லேபில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "சார் டிஸ்குக்கே பொட்டு வெச்சுக் கும்பிடுறார்" என்று உங்களுக்குள் சிரித்துக்கொள்வீர்கள். அந்தப் பொட்டின் கதையை இன்று சொல்லிவிடுகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு. பாடம் எடுத்துப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் நம் லேபுக்கு ஒரே மாதிரி 24 கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் 98, ரெட்ஹாட் லினக்ஸ் 6.2 இரண்டும் இருக்க வேண்டும். விண்டோஸை முதலில் போட்டு, பிறகுதான் லினக்ஸ். மாற்றிப் போட்டால், விண்டோஸ் டிஸ்கின் முதல் 512 பைட்டில் தன் சொந்தக் குறிப்பை எழுதி, லினக்ஸுக்குப் போகும் வாசலை அடைத்துவிடும். அந்த 512-இல் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். இவ்வளவு சின்ன இடத்தில்தான் இரண்டு குடித்தனமும் நடந்தது.

ஒரு மெஷினைத் தயார் செய்யவே அரை நாள் ஆகும். அதனால் ஒன்றைச் சரியாகச் செய்து மற்றவற்றுக்கு நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு டிஸ்க், ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். லினக்ஸ் ஃபிளாப்பியில் துவக்கி 'டிடி' கட்டளை கொடுத்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே நகலாகும். காலி இடத்தையும் விடாமல் நகலெடுக்கும், அதுதான் தொல்லை. டிஸ்கில் 3 ஜிபிதான் இருந்தாலும் 20 ஜிபிக்கும் காத்திருக்க வேண்டும்.

இதற்கு வழி நியூசிலாந்தில் பிறந்திருந்தது. ஆக்லாந்தில் பைனரி ரிசர்ச் என்ற சின்ன நிறுவனத்துக்காக முர்ரே ஹஸார்ட் 1995-இல் எழுதிய 'கோஸ்ட்'. 1998-இல் அதை சிமான்டெக் வாங்கியது. கோஸ்டுக்கு ஃபைல் சிஸ்டம் புரியும், தகவல் உள்ள இடங்களை மட்டும் எடுக்கும். பிறகு மல்டிகாஸ்ட் வந்தது. நெட்வொர்க்கில் ஒரே முறை அனுப்புவதை 24 மெஷின்களும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் இருப்பதிலேயே மெதுவான மெஷினுக்காக மற்ற 23-ம் காத்திருக்கும். வகுப்பறை மாதிரியேதான். நாங்கள் பயன்படுத்திய கோஸ்டுக்கு உரிமம் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நகல் எடுத்தபின் விண்டோஸ் வரும், லினக்ஸ் வராது. திரையில் 'எல்', 'ஐ' என்று இரண்டு எழுத்து மட்டும் நிற்கும். அக்காலத்து லினக்ஸைத் துவக்கிய 'லிலோ', தனக்கு வேண்டியவை டிஸ்கில் எந்த பிளாக்கில் இருக்கின்றன என்று எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். கோஸ்ட் பொருள்களை இடம் மாற்றி வைத்ததும் அந்த முகவரியெல்லாம் பொய்யாகிவிடும். ஃபிளாப்பியில் துவக்கி லிலோவை மறுபடி ஓட்ட வேண்டும், 24 தடவை. பின்னால் வந்த 'க்ரப்' ஃபைலைப் பெயர் சொல்லித் தேடக் கற்றிருந்ததால் அந்த வேலை பெரும்பாலும் ஒழிந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வேறு பயம். ஒவ்வொரு மெஷினுக்கும் எஸ்ஐடி என்ற தனி அடையாள எண் உண்டு, நகலெடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் ஆகிவிடும், ஆபத்து என்றார்கள். மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய 'நியூஎஸ்ஐடி'யை நாமும் ஒவ்வொரு மெஷினிலும் ஓட்டினோம். 2009 நவம்பரில் அதே ருஸினோவிச், மெஷின் எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் அப்படியொரு ஆபத்து இல்லை என்று எழுதி அந்தக் கருவியையே திரும்பப் பெற்றார். தன் பிழையைத் தானே ஊரறியச் சொன்ன அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம் தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்திலிருந்து வந்த குளோன்ஸில்லா. இலவசம், திறமூலம். உரிமம் பற்றிய உறுத்தல் போயிற்று. அதிலும் ஒருநாள் நகலெடுத்த லினக்ஸ் எதிலும் நெட்வொர்க் வரவில்லை. மூல மெஷினின் நெட்வொர்க் கார்டு எண்ணை ஒரு ஃபைல் ஞாபகம் வைத்திருந்தது. புது மெஷினின் கார்டை அந்நியன் என்று எண்ணி இரண்டாவது கார்டாகப் பெயர் கொடுத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

2011-இல் அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. என் தங்கை மகள் அதைத் திறந்து "மாமா, எது வேணும்னு கேக்குது" என்றாள். லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் அதே கேள்வி.

சரி, பொட்டுக்கு வருகிறேன்.

2002 பிப்ரவரி. கோஸ்ட் நம் லேபுக்கு வருவதற்கு முன். பழுதான மெஷினுக்குப் புது டிஸ்க். மூல டிஸ்கும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. நடுவில் கரண்ட் போனது. டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். கரண்ட் வந்ததும் கட்டளையைச் சரியாகத்தான் அடித்தேன், காலி டிஸ்க் மூல டிஸ்கின் மேல் நகலாகத் தொடங்கியது. நான்கைந்து நிமிடத்தில் சந்தேகம் வந்து நிறுத்தினேன். பார்ட்டிஷன் அட்டவணையும் விண்டோஸ் 98-இன் ஃபைல் அட்டவணையும் டிஸ்கின் தொடக்கத்தில்தான் இருக்கும். முதலில் அழிந்தவை அவைதான்.

அந்த மெஷினில்தான் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவர் தங்கள் நூலகப் புராஜெக்டை வைத்திருந்தார்கள். ரிவ்யூவுக்கு ஐந்து நாள் இருந்தது. மறுநாள் வகுப்பில் "வைரஸ் வந்துவிட்டது" என்றேன். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதியைப் பிரிண்ட் எடுத்த தாளிலிருந்தும், மீதியை நினைவிலிருந்தும் மறுபடி அடித்தார்கள். அன்று மாலை என் மனைவியிடம் ஒரு பொட்டு வாங்கி, பிழைத்த பழைய டிஸ்கின் மேல் ஒட்டினேன், இனி எது மூலம் என்று தெரிவதற்காக.

அந்த இருவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அம்மா, வைரஸ் எதுவும் வரவில்லை. நான்தான்.